தெரியவில்லை என்று எழுதிய கேப்டன்

1952 கோடைக்காலம். அமெரிக்க விமானப்படைத் தளம் ஒன்றில் உளவுப்பிரிவு அதிகாரி ஒருவர், கேப்டன் எட்வர்ட் ரப்பெல்ட்டிடம் ஓர் அறிக்கையைக் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார். அழித்துவிடச் சொல்லி மேலிடம் உத்தரவு போட்ட அறிக்கை அது. எஃப்-86 ஜெட் விமானி ஒருவர் வானத்தில் ஏதோ ஒன்றைத் துரத்திப் போயிருக்கிறார். நெருங்கிப் பார்த்தால் வட்டமான ஒரு பொருள். துப்பாக்கியால் சுட்டார். அது சட்டென்று மேலேறி மறைந்துவிட்டது. விமானி சொன்னதை அவருடைய மேலதிகாரி நம்பவில்லை. அறிக்கை நெருப்புக்குப் போக வேண்டியதாயிற்று.

ரப்பெல்ட் 1956இல் வெளியிட்ட ‘தி ரிப்போர்ட் ஆன் அன்ஐடென்டிஃபைடு ஃப்ளையிங் ஆப்ஜெக்ட்ஸ்’ இந்தக் கதையோடுதான் தொடங்குகிறது. முதல் தடவை படித்தபோது எனக்கும் அந்த வட்டப் பொருள்தான் கண்ணில் பட்டது. இரண்டாவது தடவை படிக்கும்போது காகிதம் தெரிந்தது. யார் எழுதினார், யார் எரிக்கச் சொன்னார், யார் ஒரு பிரதியை ஒளித்து வைத்தார். பறக்கும் தட்டைப் பற்றி நூற்றுக்கணக்கில் புத்தகங்கள் இருக்கின்றன. ‘நான் ஒன்றைப் பார்த்தேன், என்னவென்று தெரியவில்லை’ என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால் அந்தக் காகிதத்தை ஓர் அலுவலகம் என்ன செய்யும் என்று இவ்வளவு நிதானமாகச் சொல்லும் புத்தகம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். ஏலியன் வீடியோக்களில் மூழ்கி எழுந்தவர்களுக்கு இது ஏமாற்றம் தரலாம். அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களுக்குத் தராது.

ஆள் யார் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். ரப்பெல்ட் அயோவா மாநிலத்துக்காரர். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானங்களில் இந்தியா, சீனா, பசிபிக் என்று சுற்றியவர். போர் முடிந்ததும் படித்து 1951இல் விமானப் பொறியியல் பட்டம் வாங்கினார். கொரியப் போருக்காகப் படை அவரைத் திரும்ப அழைத்து, ஒஹாயோ மாநிலம் டேட்டனில் இருந்த தொழில்நுட்ப உளவு மையத்தில் உட்கார வைத்தது. அங்கே, பறக்கும் தட்டுப் புகார்களை விசாரிக்கும் சின்னப் பிரிவு அவர் தலையில் விழுந்தது. 1952 மார்ச்சில் அந்தப் பிரிவுக்குப் ‘புராஜெக்ட் புளூ புக்’ என்று பெயர் வந்தது. ‘யூ.எஃப்.ஓ’ என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் இவர்தான். ‘பறக்கும் தட்டு’ என்று சொன்ன உடனேயே வடிவத்தையும் முடிவு செய்துவிடுகிறோம், பாதி விடையையும் சொல்லிவிடுகிறோம். ‘அடையாளம் தெரியாதது’ என்பதில் அந்த வம்பு இல்லை. காலப்போக்கில் அந்தச் சொல்லுக்கே வேற்றுக்கிரகவாசி என்று அர்த்தமாகிப்போனது, ரப்பெல்ட்டுக்கு நேர்ந்த முதல் துரதிர்ஷ்டம்.

அவருக்கு முன்னால் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1947 ஜூன் 24 அன்று கென்னத் ஆர்னால்ட் என்ற தனியார் விமானி, வாஷிங்டன் மாநிலத்தின் ரெய்னியர் மலைக்குப் பக்கத்தில் ஒன்பது பொருள்கள் வரிசையாகப் பறந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். பத்திரிகைகள் ‘பறக்கும் தட்டு’ என்று பெயர் சூட்டின. 1948இல் விமானப்படை ‘சைன்’ என்ற பெயரில் விசாரணை தொடங்கியது. அந்தக் குழுவில் சிலர், இவை வேற்றுக்கிரகத்திலிருந்து வருபவை என்று ஒரு மதிப்பீடு எழுதி மேலே அனுப்பினார்கள் என்றும், படைத்தலைவர் ஜெனரல் வாண்டன்பர்க் போதிய ஆதாரமில்லை என்று அதைத் திருப்பி அனுப்பினார் என்றும், பிறகு அது எரிக்கப்பட்டது என்றும் ரப்பெல்ட் எழுதுகிறார். அந்த ஆவணத்தின் பிரதி இன்றுவரை வெளிவரவில்லை. 1949இல் ‘சைன்’ போய் ‘கிரட்ஜ்’ வந்தது. அந்தக் காலத்துக்கு ரப்பெல்ட் தன் புத்தகத்தில் வைத்த பெயர் ‘இருண்ட காலம்’.

‘கிரட்ஜ்’ பற்றிய அத்தியாயம்தான் எனக்கு மிக நெருக்கமானது. அப்படி ஒரு பொருள் இருக்கவே முடியாது என்று முதலிலேயே முடிவு கட்டிவிட்டு, அதற்கேற்ற விளக்கத்தை ஒவ்வொரு புகாருக்கும் ஒட்டுவதுதான் அங்கே நடந்த வேலை. மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வாடிக்கையாளர் ஒரு பிழையைச் சொல்கிறார். நம் கணினியில் அது வரவில்லை. ‘மறுபடி வரவைக்க முடியவில்லை’ என்று குறிப்பெழுதி டிக்கெட்டை மூடிவிடுகிறோம். மாதக் கடைசியில் மூடிய டிக்கெட்டுகளின் எண்ணிக்கை அழகாக இருக்கும். பிழை அங்கேயே உட்கார்ந்திருக்கும். இல்லாமலும் இருக்கலாம். இருக்கிறதா இல்லையா என்று நமக்குத் தெரியாது என்பதுதான் விஷயம். அந்தத் தெரியாமையை எழுதி வைக்க டிக்கெட்டில் ஒரு கட்டம்கூட இருக்காது.

ரப்பெல்ட் செய்தது அந்தக் கட்டத்தை உருவாக்கியதுதான். சாட்சிகள் நிரப்புவதற்கு ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் உதவியோடு ஒரு கேள்வித்தாள் தயாரிக்க ஏற்பாடு செய்தார். அதிகார அடுக்கில் ஏறி இறங்காமல் எந்தத் தளத்தையும் நேரடியாகத் தொடர்புகொள்ளும் உரிமையை வாங்கினார். தன் குழுவில் இருந்த மூன்று பேரை ஆரம்பத்திலேயே அனுப்பிவிட்டார். சிலர் ரொம்ப நம்பினார்கள், சிலர் ரொம்ப மறுத்தார்கள். இரண்டும் அவருக்கு ஒரே நோய்.

இந்த மனநிலை எழுத்தில் எப்படி இறங்குகிறது என்பதற்கு மான்டெல் சம்பவம் ஒன்று போதும். 1948 ஜனவரி 7. கென்டக்கி மாநிலத்தில் வானில் பெரிதாக ஏதோ தெரிகிறது என்று பலர் சொல்ல, காட்மன் விமானத்தளத்துக்கு மேலே வந்துகொண்டிருந்த நான்கு எஃப்-51 விமானங்களைப் பார்த்துவரச் சொல்கிறார்கள். தலைமை விமானி தாமஸ் மான்டெல், ஆக்ஸிஜன் இல்லாமல் போகக்கூடிய உயரத்தைத் தாண்டி ஏறுகிறார். மயங்கியிருக்க வேண்டும். விமானம் விழுந்து இறந்துபோகிறார். வெள்ளிக் கிரகத்தைத் துரத்தினார் என்று முதலில் விளக்கம் சொன்னார்கள். பட்டப்பகலில் வெள்ளிக் கிரகம்! பிரபலமான ஒரு சாவுக்கு உடனடியாக ஒரு விடை தேவைப்பட்டது, கிடைத்ததை எடுத்து ஒட்டினார்கள்.

சில ஆண்டுகள் கழித்து ரப்பெல்ட் அந்தக் கோப்பைத் தூசி தட்டி எடுக்கிறார். கடற்படை அப்போது ரகசியமாகப் பறக்கவிட்ட ‘ஸ்கைஹூக்’ பலூன்கள் அவர் நினைவுக்கு வருகின்றன. மிக உயரத்துக்குப் போகும் ராட்சத பலூன்கள். ரகசியம் என்பதால் 1948இல் மான்டெலுக்கோ, கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர்களுக்கோ தெரிந்திருக்க வாய்ப்பில்லை. காற்றின் திசையை வைத்துக் கணக்குப் போட்டு, தெற்கு ஒஹாயோவில் எந்தத் தளத்திலிருந்து அது கிளம்பியிருக்கலாம் என்றுகூடச் சொல்கிறார். அன்றைக்கு அங்கிருந்து பலூன் விட்டதற்கான பதிவேடு எங்கோ இருக்க வேண்டும், தன்னால் கண்டுபிடிக்க முடியவில்லை என்றும் எழுதுகிறார். அத்தோடு நிறுத்திக்கொள்கிறார். விடை ஏறக்குறைய கையில் இருக்கிறது, இன்றைக்கு எல்லோரும் ஏற்பதும் அதைத்தான். ஆனாலும் ஒரு காகிதம் குறைகிறது, அதைச் சொல்லாமல் விட அவருக்கு மனம் வரவில்லை. புத்தகத்தின் மிகச் சிறந்த இடம் இதுதான் என்பேன். இறந்துபோன விமானிக்கு ஒருவர் செலுத்தக்கூடிய மரியாதை அந்த இடைவெளியில் இருக்கிறது. மான்டெல் முட்டாள் இல்லை. தன் நாட்டு ராணுவமே தன்னிடம் மறைத்த ஒன்றைத் துரத்தியவர்.

இதே கண்டிப்பை ரப்பெல்ட் எல்லா இடத்திலும் காட்டுகிறாரா என்றால், இல்லை. அவருக்கு விமானிகள் மேல் ஒரு பலவீனம். தானும் பறந்தவர் என்பதால் இருக்கலாம். பயிற்சி பெற்ற கண், ஆயிரக்கணக்கான மணி நேர அனுபவம் என்ற அடைமொழிகளோடு விமானி சாட்சிகள் மேடையேறும்போது அவருடைய குரலே கொஞ்சம் மாறுகிறது. இதில்தான் நான் அவரோடு முரண்படுகிறேன்.

1948 அக்டோபர் 1, வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ நகரம். ஜார்ஜ் கோர்மன் என்ற இளம் விமானி எஃப்-51 ஒன்றில் 27 நிமிடம் ஒரு வெளிச்சத்தோடு வானில் சண்டை பிடித்தார். அது தன்னை நோக்கிப் பாய்ந்தது, திரும்பியது, ஏறியது என்று சொன்னார். விளக்குக் கட்டிய வானிலை பலூன் என்று விசாரணை முடிந்தது. எப்படி ஒரு பலூன் பாயும்? பாயாது. பாய்ந்தது கோர்மனின் விமானம். இருட்டில் ஒற்றை வெளிச்சப் புள்ளிக்குத் தூரம் கிடையாது. ஒரு கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் ஒரு மீட்டர் பொருளும், பத்து கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் பத்து மீட்டர் பொருளும் கண்ணுக்கு ஒரே அளவுதான். தூரத்தைத் தப்பாகப் பத்து மடங்கு கூட்டிவிட்டால் வேகமும் பத்து மடங்கு கூடிவிடும். போதாததற்குப் பார்ப்பவரும் நகர்ந்துகொண்டிருக்கிறார். ராத்திரி பஸ்ஸில் போகும்போது நிலா நம் கூடவே ஓடி வருவதாகக் குழந்தைகள் சொல்வார்களே, அதேதான். பஸ் மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் குட்டிக்கரணம் அடித்தால் நிலாவும் அடிக்கும்.

அறுபத்தேழு ஆண்டுகள் கழித்தும் இதே கதைதான். 2015இல் அமெரிக்கக் கிழக்குக் கரையோரம் கடற்படை விமானம் எடுத்த ‘கோ ஃபாஸ்ட்’ வீடியோவில், கடலை ஒட்டி ஏதோ ஒன்று தாறுமாறான வேகத்தில் போவதுபோல் தெரியும். விமானிகளின் உற்சாகக் குரலும் கேட்கும். திரையிலேயே விமானத்தின் உயரம், கேமராவின் கோணம், பொருளின் தொலைவு எல்லாம் எண்களாக இருக்கின்றன. பத்தாம் வகுப்பு முக்கோணவியல் போதும். பொருள் கடலை ஒட்டி இல்லை, சுமார் 13,000 அடி உயரத்தில் இருக்கிறது. நாசா அமைத்த ஆய்வுக்குழு 2023இல் போட்ட கணக்கின்படி அதன் சராசரி வேகம் மணிக்கு 40 மைல் அளவுதான். காற்றோடு போகும் பொருளின் வேகம். வேகமாகப் போனது வீடியோ எடுத்த விமானம்.

‘சைன்’ காலம் தொட்டு விமானப்படைக்கு ஆலோசகராக இருந்த வானியலாளர் ஆலன் ஹைனெக், பின்னாளில் இந்த விஷயத்தில் விசாரணை போதவில்லை என்று படையோடு மோதியவர். அவரே 1977இல் புளூ புக் கோப்புகளை அலசிவிட்டு, மற்றவர்களோடு ஒப்பிட்டால் விமானிகள் அவ்வளவு நல்ல சாட்சிகள் இல்லை என்ற முடிவுக்கு வந்தார். யோசித்தால் இதில் ஆச்சரியம் இல்லை. வானத்தில் எது தெரிந்தாலும் அதை இன்னொரு விமானமாக, மோத வருவதாகப் பார்ப்பதுதான் விமானிக்குக் கொடுத்த பயிற்சி. அந்தப் பயிற்சி உயிரைக் காப்பாற்றும். பலூனுக்கும் அதே பயிற்சிதான் வேலை செய்யும்.

ஆக, விமானி சொல்வதை நம்பக்கூடாதா? இங்கேதான் பெரும்பாலானவர்கள் அணி பிரிந்துவிடுகிறார்கள். தப்பாகப் பார்த்திருக்கலாம் என்பது வேறு, அதனால் சொல்லாதே என்பது வேறு. பார்த்ததை எழுதிக் கொடுத்தால் கேலிக்கு ஆளாவோம் என்று பயந்த விமானிகளை ரப்பெல்ட் தொடர்ந்து சந்திக்கிறார். இறக்கையோடு இறக்கை உரச ஒன்று பறந்து வந்தாலும் வாயைத் திறக்க மாட்டேன் என்று ஒருவர் சொன்னதாக எழுதுகிறார். 2023 ஜூலை 26 அன்று அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் கடற்படையின் முன்னாள் விமானி ரையன் கிரேவ்ஸ் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். வர்ஜீனியா கடற்கரைக்கு அப்பால் பயிற்சியின்போது இரண்டு போர் விமானங்களுக்கு நடுவே ஒரு பொருள் கடந்துபோனது, பாதுகாப்பு அறிக்கை கொடுத்தும் முறையாக எதுவும் நடக்கவில்லை, விமானிகள் பேசப் பயப்படுகிறார்கள் என்றார். அந்தப் பொருள் பலூனாகவே இருக்கட்டும். பலூன் மோதினாலும் ஜெட் விழும்.

வாஷிங்டன் அத்தியாயத்தில் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வரும். 1952 ஜூலையில் அடுத்தடுத்த இரண்டு வார இறுதிகளில் அமெரிக்கத் தலைநகரின் மேலேயே ரேடாரில் புள்ளிகள் தெரிந்தன. ஜெட் விமானங்கள் துரத்தின, எதுவும் அகப்படவில்லை. முதல் வார இறுதி முடிந்த கையோடு ரப்பெல்ட் வேறு வேலையாக வாஷிங்டன் வந்து இறங்குகிறார். நாட்டின் அதிகாரபூர்வ விசாரணைத் தலைவர் அவர். அவருக்கே செய்தி, பத்திரிகையைப் பார்த்துத்தான் தெரிகிறது. விசாரிக்கப் போக அலுவலகக் கார் கேட்கிறார். கர்னல்களுக்கும் ஜெனரல்களுக்கும்தான் கார் என்கிறார்கள். டவுன் பஸ்ஸில் போகலாமே என்கிறார்கள். இன்று ஊர் திரும்பாவிட்டால் அனுமதியில்லாமல் வேலைக்கு வராதவர் ஆகிவிடுவீர்கள் என்றும் எச்சரிக்கிறார்கள். அவர் டேட்டனுக்கே திரும்பிப் போய்விடுகிறார். ஜூலை 29 அன்று மேஜர் ஜெனரல் சாம்ஃபர்ட் பிரம்மாண்டமான பத்திரிகையாளர் சந்திப்பு நடத்தி, வெப்பத் தலைகீழ் அடுக்கால் ரேடார் அலைகள் வளைந்திருக்கலாம் என்று விளக்குகிறார். குளிர்ந்த காற்றுக்கு மேல் சூடான காற்று படியும்போது அப்படி நடப்பது உண்மைதான். அந்த விளக்கம் சரியாகவும் இருக்கலாம். ஆனால் அந்த விடைக்கும் விசாரணைக்கும் நடுவில் ஒரு காரின் தூரம் இருந்தது. இதை ரப்பெல்ட் குற்றச்சாட்டாகச் சொல்வதில்லை. ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நடந்ததை மட்டும் சொல்லிக்கொண்டு போகிறார். மூடிமறைக்கும் சதி என்று பலர் கற்பனை செய்த இடத்தில் இருந்தது பயணப்படி விதிமுறை.

புத்தகத்தின் பெரிய குறை ஒன்று. 1951இல் டெக்சஸின் லபக் நகரத்தில் பேராசிரியர்கள் சிலர் இரவு வானில் கண்ட விளக்கு வரிசையைப் பற்றி விலாவாரியாக எழுதுகிறார். அதற்கு எளிய, இயற்கையான விடை கிடைத்துவிட்டது என்றும் சொல்கிறார். என்ன விடை? சொல்ல மாட்டாராம். கண்டுபிடித்தவரின் அடையாளம் வெளியே தெரிந்துவிடுமாம். எரித்த அறிக்கைகளைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியவர், வாசகனிடம் ‘என்னை நம்பு’ என்கிறார். ரகசியத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அந்தப் பழக்கம் எலும்பில் ஊறிவிடும் போலிருக்கிறது.

1953 ஜனவரியில் சி.ஐ.ஏ. கூட்டிய ராபர்ட்சன் குழு, இவற்றால் நாட்டுக்கு நேரடி ஆபத்து இல்லை, மக்களின் ஆர்வத்தைக் கல்வி மூலம் வடியச் செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதற்குப் பிறகு புளூ புக் மெல்ல மறுபடியும் ‘கிரட்ஜ்’ ஆனது. ரப்பெல்ட் அந்த ஆண்டே படையை விட்டுப் போய் விமான நிறுவனத்தில் பொறியாளர் ஆனார். 1956இல் வந்த 17 அத்தியாயப் புத்தகம் முடிவு சொல்லாமல் முடிகிறது.

1960இல் வந்த விரிவான பதிப்பில் மூன்று அத்தியாயங்கள் கூடுதல். அவற்றில் ரப்பெல்ட் முடிவு சொல்லிவிடுகிறார்: இதெல்லாம் விண்வெளி யுகம் பெற்றெடுத்த கட்டுக்கதை. விமானப்படை நெருக்கியது என்று ஒரு தரப்பு இன்றும் சொல்கிறது. அதற்கு ஆதாரம் இல்லாததால் அதை விட்டுவிடுகிறேன். வெள்ளிக் கிரகத்தவரோடு பேசினேன் என்று கூட்டம் சேர்த்தவர்களைப் பார்த்து அவர் சலித்துப்போயிருக்கலாம். அந்த மூன்று அத்தியாயங்களின் பெரும்பகுதி அவர்களைக் கிண்டலடிப்பதில்தான் போகிறது.

முடிவில் எனக்குச் சண்டை இல்லை. நானும் ஏறக்குறைய அதைத்தான் நம்புகிறேன். சண்டை, அவர் அங்கே போய்ச் சேர்ந்த வழியோடு. முதல் 17 அத்தியாயங்களில் ஒவ்வொரு சம்பவத்திலும் காற்று எந்தப் பக்கம் அடித்தது, பதிவேடு எங்கே, யார் கையெழுத்திட்டார் என்று கேட்ட மனிதர், இந்த மூன்றில் எதையும் கேட்பதில்லை. தன் காலத்தில் தானே ஏற்பாடு செய்த பேட்டெல் நிறுவனத்தின் புள்ளிவிவர ஆய்வில், தரம் கூடிய அறிக்கைகளில்தான் விடை கிடைக்காதவற்றின் விகிதமும் கூடியிருந்தது. அதனால் வேற்றுக்கிரகம் உண்டு என்று ஆகாது. ஆனால் ‘நல்ல தகவல் இருந்தால் எல்லாம் விளங்கிவிடும்’ என்று சொல்பவர் அந்த முள்ளைத் தாண்டித்தான் போக வேண்டும். புதிய ரப்பெல்ட் தாண்டவில்லை, சுற்றிக்கொண்டு போகிறார். வாக்கியங்களில் இருந்த தயக்கம் காணாமல் போய், மேடைப் பேச்சின் சுலபம் வந்துவிடுகிறது. மான்டெலுக்காக ஒரு காகிதத்தைத் தேடியவர் எங்கே போனார்? அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று மாரடைப்பில் இறந்துபோனார். வயது 37.

புளூ புக்கை 1969 டிசம்பரில் மூடினார்கள். மொத்தம் 12,618 அறிக்கைகள், அவற்றில் 701 அடையாளம் தெரியாதவை. 2021 ஜூனில் அமெரிக்கத் தேசிய உளவு இயக்குநர் அலுவலகம் ஒன்பது பக்க அறிக்கை ஒன்றை வெளியிட்டது. 144 சம்பவங்களில் உறுதியாக விளக்க முடிந்தது ஒன்றே ஒன்று: காற்று இறங்கிக்கொண்டிருந்த ஒரு பெரிய பலூன். மற்ற 143க்கும் தகவல் போதவில்லை என்று அச்சில் போட்டுவிட்டார்கள். நம்புகிறவர்கள் அந்த 143ஐப் பிடித்துக்கொண்டார்கள். கேலி செய்பவர்கள் பலூனைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு அந்த ஒன்பது பக்கத்தில் கேப்டனின் பழைய குரல் கேட்டது. 2024 மார்ச்சில் பென்டகன் வெளியிட்ட வரலாற்று அறிக்கையில் அது அவ்வளவாகக் கேட்கவில்லை. வேற்றுக்கிரகத் தொழில்நுட்பத்துக்கு ஆதாரம் எதுவும் இல்லை என்ற அதன் முடிவு நியாயமானதுதான். தொனி மட்டும் ‘டிக்கெட்டை மூடு’ என்ற பழைய தொனி.

புத்தகம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. இறக்கிக்கொள்வதற்கு முன் அத்தியாயங்களை எண்ணிப் பாருங்கள். 20 இருந்தால், 17 முடிந்ததும் ஒரு வாரம் மூடி வைத்துவிட்டு, அப்புறம் மிச்சத்தைப் படியுங்கள். இரண்டு ஆட்கள் எழுதியதுபோல் இருக்கும்.